நீலக்கண் டிராகன்: விலை கேட்கும் முன் கார்டைப் படியுங்கள்

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய சாமான் வாங்கி விற்கும் எங்களுக்குக் கடல் கடந்து வந்த பொருள்கள் புதியவை அல்ல. பர்மாவின் அரக்குச் சம்புடங்கள், சுவீடன் எனாமல் பாத்திரங்கள், பெல்ஜியம் கண்ணாடிகள் என்று நகரத்தார் கொண்டுவிற்கப் போன தேசங்களின் சரக்கெல்லாம் இந்தத் தெருவைக் கடந்துதான் போகிறது. அண்மைக் காலமாக வேறொரு தலைமுறையின் பெட்டிகள் திறக்கத் தொடங்கியிருக்கின்றன. கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் பிறந்து வளர்ந்த பேரப்பிள்ளைகள், விடுமுறைக்குச் செட்டிநாட்டுக்கு வந்தபோது விட்டுவிட்டுப் போன பெட்டிகள் அவை. வீடியோ கேம் கேசட்டுகள், ஸ்டிக்கர் ஆல்பங்கள், பொம்மைக் கார்கள், கட்டுக் கட்டாக விளையாட்டுக் கார்டுகள். இந்தக் கார்டுகளைப் பற்றி நான் தெரிந்துகொண்டதை எழுதி வைக்க வேண்டும் என்று வெகுநாளாக எண்ணம். தெரியாமல் எடைக்குப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். தெரியாமல் கோட்டை கட்டுகிறவர்களும் இருக்கிறார்கள்.

பள்ளத்தூரில் ஒரு வீட்டுக்குப் பித்தளைச் சாமான் பார்க்கப் போயிருந்தேன். பேரம் பேசி முடித்துக் கிளம்பும் நேரத்தில், அந்த வீட்டு ஆச்சி இரண்டாம் கட்டு அலமாரியிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை எடுத்துவந்து பட்டாலையில் என் முன்னால் வைத்தார்.

"தம்பி, இது பேரன் சின்ன வயதில் விளையாடியது. பழைய பேப்பரோடு போட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். போன வாரம் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, இதில் ஒரு சீட்டு லட்சக்கணக்கில் போகும், உலகத்திலேயே மொத்தம் நான்குதான் இருக்கிறது, நான் விற்றுத் தருகிறேன், கொடுங்கள் என்கிறார். நிஜமா?"

டின்னைத் திறந்தேன். மேலாக இருந்த கட்டை ஒரு ரப்பர் பேண்ட் சுற்றியிருந்தது. பேண்ட் என்று சொல்வதற்கில்லை. உருகிப் பசையாகி, மறுபடி காய்ந்து, பழுப்புக் கோடாக ஓரங்களில் ஒட்டிக்கொண்டிருந்தது. நடுவிலிருந்து உருவியபோது வந்தது அந்தக் கார்டு. நீண்ட கழுத்தை முன்னால் நீட்டி வாயைப் பிளந்து நிற்கும் வெளிர்நீல வெண்மை டிராகன். யூகியோ என்ற கார்டு விளையாட்டின் 'ப்ளூ ஐஸ் ஒயிட் டிராகன்'. எங்கள் அக்கா மகன் அதை நீலக்கண் டிராகன் என்பான். நானும் அப்படியே அழைக்கிறேன். அவன் புண்ணியத்தில் அந்த விளையாட்டு எனக்கு ஏற்கெனவே அறிமுகமாகியிருந்தது.

நான்குதான் இருக்கிறது என்று அந்தத் தரகர் சொன்னது முழுப் பொய் அல்ல. கதைக்குள் அது உண்மை. ஜப்பானிய ஓவியர் கசுகி தகாஹாஷி 1996 முதல் 2004 வரை ஒரு வார இதழில் வரைந்த சித்திரத் தொடர்தான் யூகியோ. தொடர் தொடங்கியபோது அதில் பலவகை விளையாட்டுகள் வந்தன; கார்டு ஆட்டம் அவற்றில் ஒன்று மட்டுமே. வாசகர்களுக்கு அது பிடித்துப்போக, பிறகு தொடரே அந்த ஆட்டத்தைச் சுற்றி வளர்ந்தது. அந்த ஆட்டம் முதன்முதலாகத் தலைகாட்டும் இடத்திலேயே நமது டிராகனும் வந்துவிடுகிறது. யூகி என்ற பள்ளிக்கூடப் பையனின் தாத்தா விளையாட்டுச் சாமான் கடை வைத்திருக்கிறார். அவரிடம் ஒரு நீலக்கண் டிராகன். கைபா என்ற பணக்காரப் பையன் பெட்டி நிறையக் கார்டுகளைக் கொண்டுவந்து, இவை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு அந்த ஒன்றைக் கொடுங்கள் என்கிறான். நண்பர் கொடுத்தது, தர முடியாது என்கிறார் தாத்தா. கைபா அதைப் பார்த்துவிட்டுத் தருவதுபோல வாங்கி, ஒரு போலியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அசலை வைத்துக்கொள்கிறான். அப்புறம் ஆட்டத்தில் அதை இறக்கும்போது டிராகன் அவனுக்குக் கட்டுப்பட மறுக்கிறது. அசல் தாத்தாவிடமே திரும்பிவிடுகிறது.

இந்த டிராகனின் முதல் கதையே ஒரு போலிக் கார்டின் கதை என்பது, பழைய சாமான் தொழிலில் இருப்பவனுக்கு மறக்கக்கூடிய செய்தியா? அந்தத் தாத்தாவும் எனக்கு நெருக்கமானவராகிவிட்டார். எங்கள் தெருக்காரர்கள் போய்க் கேட்கும் வீடுகளிலும் அப்படிப்பட்ட ஆச்சிகள் இருக்கிறார்கள். தேக்குப் பெட்டகத்தையும் உருளியையும் விலை பேசுவார்கள். ஒரு சின்ன வெற்றிலைப் பெட்டியை மட்டும் பின்னால் தள்ளி வைத்துவிடுவார்கள். அதற்கு எந்த விலையும் எடுபடாது. எடுபடக் கூடாது என்றுதான் நானும் நினைக்கிறேன்.

தொடர்ந்து என்ன ஆகிறது என்றால், கைபா உலகில் மீதியிருந்த மூன்று டிராகன்களையும் எப்படியெப்படியோ கைப்பற்றுகிறான். தாத்தாவோடு மோதி வென்று அவருடைய நான்காவதையும் வாங்கி, அவர் கண் முன்னாலேயே கிழித்துப் போடுகிறான். ஆட்ட விதிப்படி ஒரு டெக்கில், அதாவது ஒருவர் ஆடக் கொண்டுவரும் கார்டுக் கட்டில், ஒரே பெயருள்ள கார்டு மூன்றுக்கு மேல் இருக்கக் கூடாது. நான்காவது அவனுக்கு உதவாது; எதிராளியின் கையில் இருந்தால் ஆபத்து. அதனால்தான் கிழித்தான். அதற்குப் பதிலடியாக, யூகி எக்ஸோடியா என்ற அரக்கனின் ஐந்து உறுப்புக் கார்டுகளையும் கையில் சேர்த்து மூன்று டிராகன்களையும் வீழ்த்துகிறான். எக்ஸோடியாவின் ஐந்து துண்டுகளும் கையில் சேர்ந்தால் அந்த நொடியே வெற்றி. இது கதைக்காகச் சொன்னது அல்ல, நிஜ ஆட்டத்திலும் அதுதான் விதி.

ஆச்சியிடம் இதையெல்லாம் சுருக்கமாகச் சொன்னேன். கதையில் நான்கு, கடையில் கணக்கில்லை. இந்த விளையாட்டின் கார்டுகள் 2,200 கோடிக்கும் மேல் விற்றிருக்கின்றன என்று 2009-இல் கின்னஸ் சாதனைப் புத்தகத்தில் பதிவானது. கோனாமி நிறுவனம் ஜப்பானில் 1999-இல் இந்தக் கார்டுகளை வெளியிடத் தொடங்கியது. அந்த ஆண்டிலேயே வந்துவிட்ட நீலக்கண் டிராகன், அதன்பிறகு எத்தனையோ தொகுப்புகளில், எத்தனையோ பளபளப்புகளில், புதுப்புது ஓவியங்களோடு மறுபடி மறுபடி அச்சாகியிருக்கிறது. ஆகவே நம்மிடம் இருப்பது டிராகனா என்று கேட்டால் போதாது. எந்த அச்சு, எந்தப் பதிப்பு என்று கேட்க வேண்டும்.

எங்கள் தொழிலில் இதற்கு நேரான உதாரணம் ரவிவர்மா படங்கள். அதே லட்சுமி, அதே சரஸ்வதி, அதே தாமரை; ஆனால் பட ஓரத்தின் அடியில் எந்த அச்சகத்தின் பெயர் இருக்கிறது, கல்லச்சா, பின்னாளில் காலண்டருக்குப் போட்ட நகலா என்பதைப் பொறுத்து விலை தலைகீழாக மாறும். படத்தைப் பார்த்து மயங்கி நிற்பவர் வாங்குபவர். அடி வரியைப் பார்ப்பவர் வியாபாரி. கார்டிலும் அப்படித்தான், படத்தை விட்டுவிட்டு ஓரங்களைப் படிக்க வேண்டும்.

வளவில் வெயில் நன்றாக விழும் இடத்தில் ஒரு வெள்ளைத் துண்டை விரித்து, கைகளைக் கழுவித் துடைத்துக்கொண்டு, கார்டை அதன் மேல் வைத்தேன். ஆச்சியும் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்தார். அவருக்குக் காட்டிய வரிசையிலேயே இங்கும் சொல்கிறேன்.

மேலே பெயர். இந்தக் கார்டில் பெயர் தங்க நிறத்தில் மின்னியது, படமும் சாய்த்தால் வானவில்லாக அசைந்தது. இரண்டும் சேர்ந்திருந்தால் 'அல்ட்ரா ரேர்' வகை. படம் மட்டும் மின்னி, பெயர் சாதாரண மையில் இருந்தால் 'சூப்பர் ரேர்'. பெயர் மட்டும் வெள்ளியாக மின்னினால் வெறும் 'ரேர்'. பெயருக்குக் கீழே எட்டு நட்சத்திரங்கள். சட்டத்தின் நிறம் மஞ்சள். அப்படியென்றால் இந்த அசுரனுக்குத் தனிச் சக்தி எதுவும் கிடையாது, வெறும் பலம் மட்டுமே. சக்தியுள்ள அசுரர்களின் சட்டம் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். அடிப்பெட்டியில் சாய்வெழுத்தில் டிராகனைப் பற்றிய வர்ணனை. அதன் கீழே தாக்குபலம் 3000, தற்காப்பு 2500.

மின்னும் விதம் அச்சுக்கு அச்சு மாறும். நட்சத்திரம், சட்டத்தின் நிறம், பல எண்கள் ஆகியவை எந்த நீலக்கண் டிராகனிலும் மாறாதவை. ஆகவே விலைக்கு இவை பயன்படாது. விலையைச் சொல்வது படத்தின் வலது அடியில் பொடி எழுத்தில் இருக்கும் தொகுப்பு எண். ஆங்கிலப் பதிப்பில் இந்த டிராகன் முதலில் வந்தது 2002-இல். ஒன்று, டிராகனின் பெயரையே தாங்கிய முதல் பூஸ்டர் தொகுப்பில் எல்ஓபி-001 என்ற எண்ணோடு வந்தது. இன்னொன்று, கைபாவின் பெயரில் விற்ற தொடக்க டெக்கில் எஸ்டிகே-001 என்ற எண்ணோடு வந்தது. பூஸ்டர் என்பது பிரித்துப் பார்க்கும்வரை உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத பாக்கெட். தொடக்க டெக்கிலோ டிராகன் நிச்சயமாக இருக்கும். எல்ஓபிக்கு மதிப்பு கூடுதலாக இருப்பதன் முதல் காரணம் இதுதான். படத்தின் இடது அடியில் 'ஃபர்ஸ்ட் எடிஷன்' என்று அச்சாகியிருந்தால் இன்னும் மேலே போகும். அந்த வரி இல்லாதது பிறகு அச்சிட்ட பதிப்பு.

ஆச்சியின் கார்டில் இருந்த எண் எஸ்டிகே-001. ஃபர்ஸ்ட் எடிஷன் வரி இல்லை.

கார்டின் வலது அடிக்கோடியில் 1996 என்ற ஆண்டும் தகாஹாஷியின் பெயரும் பொடியாக இருந்தன. தரகர் இதைக் காட்டித்தான், பார்த்தீர்களா, 1996-ஆம் வருடத்துக் கார்டு என்று ஆச்சியிடம் சொல்லியிருக்கிறார். இந்த இடத்தில் ஏமாறுகிறவர்கள் ஏராளம், ஆகையால் அழுத்திச் சொல்கிறேன். அது சித்திரத் தொடரின் பதிப்புரிமை ஆண்டு. பல வருடங்கள் கழித்து அச்சான கார்டுகளிலும் அதே 1996 இருக்கும். கோனாமியின் கார்டு விற்பனை தொடங்கியதே 1999-இல் என்னும்போது, 1996-இல் அச்சான யூகியோ கார்டு எங்கிருந்து வரும்? இந்த ஒரு செய்தி தெரிந்திருந்தாலே பாதிப் பேரம் முடிந்தது.

இடது அடிக்கோடியில் எட்டு இலக்க எண் ஒன்று உண்டு. நீலக்கண் டிராகனுக்கு 89631139. எந்த மொழியில் அச்சானாலும் இந்த எண் மாறாது. ஜப்பானிய எழுத்தில் கார்டு வந்தாலும், ஜெர்மன் மொழியில் வந்தாலும், இதை வைத்து எந்தக் கார்டு என்று கண்டுபிடித்துவிடலாம். ஆனால் இது அசல் என்பதற்குச் சாட்சி ஆகாது. போலி அடிப்பவன் எண்ணையும் சேர்த்துத்தான் அடிப்பான்.

போலிகளைப் பற்றி: நம் ஊர்ப் பெட்டிக் கடைகளிலும் திருவிழாக் கடைகளிலும் சரம் சரமாகத் தொங்கும் டிராகன் கார்டுகள் விளையாட்டுப் பொருள்கள் மட்டுமே. குழந்தைகள் ஆசையாக வாங்குவதில் தவறே இல்லை. அவற்றை அசலென்று நம்பி விலை பேசுவதுதான் தவறு. முதல் சோதனைக்கு ஓர் அளவுகோல் போதும். அசல் யூகியோ கார்டின் அகலம் 59 மில்லிமீட்டர், உயரம் 86. போக்கிமான் கார்டு 63-க்கு 88. போலிகளில் கணிசமானவை போக்கிமான் அளவிலேயே வெட்டப்பட்டிருக்கும். அடுத்து, வலது அடி மூலையில் இருக்கும் சிறிய சதுர ஹாலோகிராம் முத்திரை. நகத்தால் தொட்டால் தனித் தகடாக உணர வேண்டும், சாய்த்தால் ஒளி மாற வேண்டும். போலிகளில் அந்த இடத்தில் சாம்பல் நிறச் சதுரத்தை அச்சடித்து விட்டிருப்பார்கள். பின்பக்கம் பழுப்புச் சுழலுக்கு நடுவே கறுப்பு நீள்வட்டம். எழுத்துகள் கூர்மையாக இருக்க வேண்டும். கடைசியாக ஒரு பத்து மடங்கு லென்ஸ். நகைக் கடைக்காரர்கள் வைத்திருப்பார்கள், கேட்டால் கொடுப்பார்கள். அசலில் படம் நுண்புள்ளிகளாகவும், எழுத்து புள்ளியில்லாத திட மையாகவும் தெரியும். ஸ்கேன் செய்து அடித்த நகலில் எழுத்தின் ஓரமும் புள்ளி புள்ளியாக உதிரும். எழுத்துப் பிழைகளையும் கவனியுங்கள். நான் பார்த்த ஒரு போலியில் டிராகன் என்ற சொல்லிலேயே ஓர் எழுத்து குறைந்திருந்தது.

பள்ளத்தூர்க் கார்டு இவை எல்லாவற்றையும் கடந்தது. அசல்தான்.

ஆட்டத்தில் இந்த டிராகன் எப்படி என்பதையும் சொல்லிவிடுகிறேன். அக்கா மகன் சனிக்கிழமை மாலைகளில் எங்கள் கடைத் திண்ணையில் நண்பர்களோடு உட்கார்ந்து ஆடுவான். நான் வாசல் விசுப்பலகையில் இருந்தபடி பார்த்துப் பார்த்தே விதிகளைப் பிடித்துக்கொண்டேன். இருவருக்கும் 8000 உயிர்ப் புள்ளிகள். டெக்கில் 40 முதல் 60 கார்டு வரை. நான்கு நட்சத்திரம் வரை உள்ள அசுரனை நேராக இறக்கலாம். ஐந்து, ஆறு நட்சத்திரத்துக்குக் களத்தில் இருக்கும் ஒன்றைப் பலி கொடுக்க வேண்டும். ஏழும் அதற்கு மேலும் என்றால் இரண்டு பலி. எட்டு நட்சத்திர டிராகன் கைக்கு வந்தவுடன் புதிதாக ஆடும் பிள்ளைகள் துள்ளிக் குதிப்பார்கள். கொஞ்ச நேரத்தில் முகம் வாடிவிடும். பலி கொடுக்க இரண்டு பேரைக் களத்தில் உயிரோடு நிறுத்தி வைப்பதற்குள் ஆட்டமே கைமீறிப் போயிருக்கும். ஆங்கிலத்தின் முதல் பூஸ்டர் தொகுப்பில் 3000-ஐ மிஞ்சிய தாக்குபலம் வேறெதற்கும் இல்லை. ஆனால் அதே தொகுப்பில்தான் ட்ராப் ஹோல் என்ற பொறிக் கார்டும் இருந்தது. 1000-ம் அதற்கு மேலும் பலமுள்ள அசுரன் வந்திறங்கும் தருணத்தில் இதைத் திருப்பினால் போதும், டிராகன் குழியில்.

இதனால் வெகுகாலம் வரைக்கும் இது ஆசைக்கு வைத்துக்கொள்ளும் கார்டாகத்தான் இருந்தது. பிறகு கோனாமி இதற்குத் துணைக் கார்டுகளை அச்சிடத் தொடங்கியது. 3000-ம் அதற்கு மேலும் தாக்குபலமும், 2500-ஐத் தாண்டாத தற்காப்பும் உள்ள டிராகன்களை டெக்கிலிருந்து இரண்டு வரை எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு மந்திரக் கார்டு சொல்கிறது. அந்த எண்கள் யாருக்காக வைக்கப்பட்டவை என்று சொல்லத் தேவையில்லை. கையில் இருக்கும் நீலக்கண் டிராகனைக் காட்டினாலே பலியின்றி இறங்கும் மாற்று வடிவம் ஒன்றும் வந்தது. 2016-இல் அமெரிக்காவின் ஆர்லாண்டோவில் நடந்த உலகக் கோப்பையை ஜப்பானின் ஷுன்சுகே ஹியாமா நீலக்கண் டிராகன் டெக்கோடு வென்றார். சித்திரத் தொடரில் அறிமுகமாகி இருபது வருடம் ஆன கார்டு, புதியவற்றுக்கு நடுவே உலக மேடையில் முதலிடத்துக்கு வந்தது. இதை அக்கா மகன் என்னிடம் சொன்னபோது அவன் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்து, நானும் அன்றிலிருந்து இந்த டிராகனின் கட்சி.

அந்தப் பிள்ளைகளுக்காகக் கோடை விடுமுறையில் கடையிலேயே ஒரு வினாடி வினா வைத்தேன். கேள்விகளைத் தயாரிக்கும்போதுதான் இந்த டிராகனைப் பற்றிய தகவல்களைக் கதை, ஆட்டம், அச்சு என்று பிரித்துவைக்க வேண்டும் என்பது எனக்கு முழுதாகப் புரிந்தது. நீலக்கண் டிராகன் எத்தனை என்று மொட்டையாகக் கேட்டால் நான்கு, மூன்று, கணக்கில்லை ஆகிய மூன்று விடையும் சரி. கதையில் எத்தனை, டெக்கில் எத்தனை என்று கேட்டால்தான் சண்டை வராது. கார்டைக் கையில் கொடுத்து, இதிலேயே விடை இருக்கிறது, படித்துச் சொல் என்ற வகைக் கேள்விகளுக்குத்தான் அதிக உற்சாகம். பதிப்புரிமை ஆண்டுக் கேள்வியில் பெரிய பிள்ளைகள் திணறினார்கள். ஒரு சிறுமி மட்டும், கதை பிறந்த வருடம் மாமா, கார்டு பிறந்த வருடம் இல்லை என்றாள்.

மூன்று டிராகன்களை இணைத்தால் வரும் முத்தலை டிராகனின் தாக்குபலம் என்ன என்பதற்கு எல்லோரும் 9000 என்று கூட்டிச் சொன்னார்கள். விடை 4500. இணைப்பு என்பது கூட்டல் அல்ல என்று விளக்கும் பொறுப்பை அக்கா மகன் எடுத்துக்கொண்டான்.

இதை வரைந்தவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று ஒரு பையன் கேட்டான். தகாஹாஷி 2022 ஜூலையில் ஒகினாவாக் கடலில் இறந்தார், வயது 60. கடல் நீரோட்டத்தில் சிக்கியவர்களைக் காப்பாற்ற இறங்கியபோதுதான் அவர் உயிரிழந்தார் என்ற செய்தி, சில மாதங்கள் கழித்து அங்கிருந்த அமெரிக்க ராணுவ அதிகாரி ஒருவர் வாயிலாக வெளியே வந்தது. பிள்ளைகளிடம் அப்படியே சொன்னேன். இந்தச் செய்தியை மறைக்கவோ மென்று விழுங்கவோ கூடாது என்பது என் கருத்து. ஒரு படத்தை நேசிக்கும் பிள்ளைக்கு அதை வரைந்தவர் எப்படிப்பட்ட மனிதர் என்று தெரிந்திருக்க வேண்டும்.

இனி, கார்டு உங்கள் வீட்டிலும் இருந்தால் செய்யவேண்டியவை.

ரப்பர் பேண்ட் ஒட்டியிருந்தால் இழுக்காதீர்கள். ஒட்டாத இடத்தில் கத்தரித்து, உதிரும் துகள்களை மட்டும் உலர்ந்த மெல்லிய தூரிகையால் தட்டிவிடுங்கள். ஒட்டிய பசையைச் சுரண்டினால் அச்சும் சேர்ந்து வரும். ஈரத்துணி கூடாது, பித்தளை துலக்கும் பழக்கத்தில் எதையாவது தேய்க்கவும் கூடாது. மின்னும் கார்டுகள் வில்லாக வளைந்திருக்கும். காகிதம் ஈரத்தை இழுத்து விரிகிறது, மேலே இருக்கும் உலோகப் படலம் விரிவதில்லை, அதுதான் காரணம். வளைவை எடுக்க இஸ்திரிப் பெட்டி வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். வேண்டாம். உறையிலிட்டு, இரண்டு கனமான புத்தகங்களுக்கு நடுவே உலர்ந்த இடத்தில் வைத்தால் மெல்லத் தணியும். முக்கியமாக, லேமினேஷன் செய்யாதீர்கள். குழந்தையின் சான்றிதழ், ரேஷன் கார்டு என்று எதையும் லேமினேட் செய்து பத்திரப்படுத்தும் நல்ல எண்ணம் நம்மிடம் உண்டு. கார்டுக்கு அது சமாதி. அதன்பின் எந்த வாங்குபவரும் தொடமாட்டார்.

செட்டிநாட்டு வீடுகளின் சுண்ணாம்புச் சுவர்கள் கோடையில் குளிர்ச்சி தரும். ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் உள்ளறைகள் ஈரம் கோக்கும், அலமாரிகளில் வெள்ளிப்பூச்சி ஓடும். காகிதமும் பசையும் அதற்குத் தீனி. பிஸ்கட் டின் துருப்பிடிக்கும். மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைத்து, சுவரை ஒட்டாமல், தரையில் படாமல், மரப் பலகை மேல் வையுங்கள். ஆல்பம் வாங்கினால் பிவிசி வேண்டாம். நாளானால் அது எண்ணெய் கசிந்து ஒட்டும். பாலிபுரொப்பிலீன் என்று போட்டிருப்பதை வாங்குங்கள்.

விலை விஷயத்துக்கு வருகிறேன். தரகர் ஆச்சியிடம் ஒரு செய்தியைச் செல்பேசியில் காட்டியிருந்தார், செய்தி உண்மைதான். 2021 ஜூனில் சீனாவில் ஒரு நீதிமன்றம், பறிமுதல் செய்த சொத்துகளை இணையத்தில் ஏலம் விட்டது. அதில் ஒரு நீலக்கண் டிராகன் இருந்தது. 20-ஆம் ஆண்டு நினைவாகக் குறைந்த எண்ணிக்கையில் செய்த சிறப்புப் பதிப்பு அது. ஆரம்ப விலை 80 யுவான். சிறிது நேரத்தில் கேள்வி 8 கோடியே 70 லட்சம் யுவானைத் தாண்டியது. நீதிமன்றம் ஏலத்தையே நிறுத்திவிட்டது. அந்தத் தொகைக்கு அது விற்கவில்லை என்பதைத் தரகர் சொல்லவில்லை. அது வேறு பதிப்பு என்பதையும் சொல்லவில்லை. கேட்ட விலையும் விற்ற விலையும் ஒன்றல்ல. இணையச் சந்தைகளில் ஒருவர் பத்து லட்சம் என்று போட்டுவைக்கலாம், யாரும் வாங்காமல் அது வருடக்கணக்கில் கிடக்கலாம். விற்று முடிந்தவற்றை மட்டும் வடிகட்டிப் பாருங்கள். அதுவும் உங்கள் கார்டின் அதே தொகுப்பு எண், அதே பதிப்பு, அதே நிலைமை உள்ளவற்றை. பழைய எல்ஓபி தொகுப்பையே 2023-இல் 25-ஆம் ஆண்டு நினைவாக மீண்டும் வெளியிட்டிருக்கிறார்கள். அதை 2002-ஆம் ஆண்டு விலையோடு ஒப்பிட்டுக் குழம்பாதீர்கள்.

நிலைமை என்றால் நான்கு மூலைகள், ஓரங்கள், மேற்பரப்பு, படம் சட்டத்தின் நடுவில் அமைந்திருக்கிறதா என்பவை. வெளிநாட்டு மதிப்பீட்டு நிறுவனங்கள் இவற்றைப் பார்த்து ஒன்று முதல் பத்து வரை மதிப்பெண் தருகின்றன. அனுப்பும் செலவும் கட்டணமும் சேர்த்துப் பார்த்தால், மூலை மழுங்கிய கார்டுக்கு அது கட்டுப்படியாகாது. கைக்கு வராத பணத்துக்குக் கார்டைக் கொடுத்தனுப்பவே கூடாது. இரு பக்கமும் பகல் வெளிச்சத்தில் படமெடுத்து வைத்துக்கொண்டு, பணம் வந்த பிறகுதான் கார்டு வீட்டை விட்டு வெளியேற வேண்டும். பழைய சாமான் எதற்கும் எங்கள் தெருவில் நாங்கள் சொல்லும் வார்த்தை இதுதான்.

ஆச்சியின் டிராகனுக்கு ஓரத்தில் ரப்பர் கறை. ஒரு மூலை வெளுத்திருந்தது. அந்த நிலைமையில் விற்று முடிந்த விலைகளை அங்கேயே உட்கார்ந்து அவருக்குக் காட்டினேன். லட்சத்துக்குப் பக்கத்திலேயே இல்லை. எடைக்குப் போடும் காசோடும் ஒப்பில்லை. ஆச்சி சிறிது நேரம் யோசித்தார். பிறகு கோலாலம்பூருக்கு வீடியோ அழைப்புப் போட்டுக் கார்டைக் காட்டினார். மறுமுனையில் முப்பது வயதைத் தாண்டிய பேரன், அதைக் கண்டதும் எழுந்து நின்றுவிட்டான்.

"ஆச்சி, அதைக் கொடுத்துவிடாதீர்கள். அதுதான் என்னுடைய முதல் கார்டு. தீபாவளிக்கு வரும்போது எடுத்துக்கொள்கிறேன். மற்றதையெல்லாம் யாராவது விளையாடுகிற பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுங்கள்."

மற்றவை எங்கள் திண்ணைக்கு வந்து சேர்ந்தன. டிராகனுக்கு மட்டும் ஓர் உறையும் அதன்மேல் மாட்டும் கெட்டியான பிளாஸ்டிக் கூடும் வாங்கிக் கொடுத்தேன். உறை வாங்குபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். கடைகளில் எளிதாகக் கிடைப்பவை பெரும்பாலும் போக்கிமான், கிரிக்கெட் கார்டு அளவு. அவற்றில் யூகியோ கார்டு தளர்ந்து ஆடும், ஆடினால் மூலை அடிபடும். ஜப்பானிய அளவு, சிறிய அளவு என்று கேட்டு, 62-க்கு 89 மில்லிமீட்டர் உறையாகப் பார்த்து வாங்குங்கள்.